தவக்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நெருங்கும்போது பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த மக்களிடையே, ஒவ்வொரு வருடமும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். என்ன சாப்பிடலாம், எத்தனை நாள், யாருக்கெல்லாம் விலக்கு என்று ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில், ‘சரி, இதெல்லாம் எதற்காக?’ என்ற இடத்தில் வந்து நிற்கும். கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன். லெந்து நாட்கள் என்று அனுசரிக்கும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையாருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தவக்காலம் எதற்காக?

பாஸ்காவுக்கு, அதாவது இயேசுவின் உயிர்ப்பு விழாவுக்குத் தயாராவதற்காக. பலரும் இதைத் தனியாக நிற்கும் ஒரு துக்ககாலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது தொடங்கிய விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஆதித் திருச்சபையில் பாஸ்கா இரவுதான் திருமுழுக்குக்கு, அதாவது ஞானஸ்நானத்துக்கு, சிறப்பான நேரம். அன்று திருமுழுக்குப் பெறப் போகிறவர்கள் அதற்கு முந்தைய வாரங்களில் நோன்பிருந்தார்கள், ஜெபித்தார்கள், தினமும் போதனை கேட்டார்கள். அவர்களைத் தனியே விடாமல் மற்ற விசுவாசிகளும் கூடவே நோன்பிருந்தார்கள். இன்னொரு கூட்டமும் இருந்தது. பெரிய பாவத்தில் விழுந்து சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்கள் இதே நாட்களில் தவம் செய்தார்கள். உரோமையில் அவர்களை உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கும் பிரிந்துபோய்த் திரும்பி வருகிறவர்களுக்கும் ஊரே துணை நின்ற காலம் இது.

அந்த அமைப்பின் தடம் இன்றும் இருக்கிறது. வயது வந்தோர் திருமுழுக்குக்குத் தயாராகும் பங்குகளில் தவக்காலத்தின் முதல் ஞாயிறு அவர்கள் தேர்ந்துகொள்ளப்படுகிறார்கள். 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், லாசர் ஆகிய மூன்று நற்செய்திகள் அவர்களுக்காக வாசிக்கப்படுகின்றன. மற்ற எல்லோரும் பாஸ்கா இரவில் எரியும் மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். ‘சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?’ என்று குருவானவர் கேட்க, ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்கிறோம். அந்த ஒரு வார்த்தையை உண்மையாகச் சொல்லத்தான் இத்தனை நாள்.

அதனால் இந்தக் காலத்தில் சாப்பாட்டை விடவும் முக்கியம், சக மனிதரோடு நமக்குள்ள உறவைச் சரிசெய்வது என்றே நம்புகிறேன். கீழே வரும் பதில்களிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

நாற்பது நாள் என்கிறீர்கள். எண்ணினால் 46 வருகிறதே?

சாம்பல் புதனிலிருந்து புனித சனி வரை எண்ணினால் 46 வரும். அதில் ஆறு ஞாயிறுகள் உண்டு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று நோன்பில்லை. அவற்றைக் கழித்தால் நாற்பது. இப்போதைய கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கின்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலைப் பூசைக்கு முன்பே முடிகிறது. அதற்குப் பிறகு வருவது பாஸ்கா மூன்று நாட்கள்.

கேரளத்துச் சீரோ மலபார் கத்தோலிக்கர் புதன்கிழமை வரை காத்திருப்பதில்லை, திங்களன்றே தொடங்கிவிடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு வழக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம்.

தேதி ஏன் வருடா வருடம் மாறுகிறது?

பாஸ்கா நிலவை வைத்துக் கணக்கிடப்படுவதால். மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு உயிர்ப்பு விழா. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சாம்பல் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் நடுவில் எங்காவது விழும். 2025இல் மார்ச் 5 அன்று வந்தது. 2026இல் பிப்ரவரி 18, 2027இல் பிப்ரவரி 10.

வேதாகமத்தில் லெந்து காலம் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?

இந்தப் பெயரில் ஒரு காலத்தை அனுசரிக்கும்படி வேதாகமத்தில் எங்கும் கட்டளை இல்லை. அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம். ஆனால் அதன் உள்ளடக்கம் முழுவதும் வேதாகமத்திலிருந்து வந்ததுதான். இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார். அவருக்கு முன் மோசே சீனாய் மலையில், எலியா ஓரேபு மலைக்குப் போகும் வழியில். நினிவே மக்களுக்கு மனம் மாற யோனா குறித்த தவணையும் நாற்பது நாள்.

திருச்சபை ஆவணங்களில் இந்த நாற்பது நாள் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று 325ஆம் ஆண்டின் நிசேயா பொதுச்சங்கத்தின் 5ஆம் விதி. அந்த விதி நோன்பைப் பற்றியது அல்ல என்பதுதான் என்னை மிகவும் தொட்டது. ஆயர்களால் (பிஷப்புகளால்) சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களின் வழக்கை யார் விசாரிப்பது என்று அது பேசுகிறது. யாரோ ஒரு ஆயர் சின்ன மனத்தாங்கலாலோ பிடிவாதத்தாலோ ஒருவரை விலக்கி வைத்திருக்கலாம். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை ஆயர்கள் கூடி விசாரிக்க வேண்டும், அதில் ஒரு கூட்டம் நாற்பது நாளுக்கு முன்னால் நடக்க வேண்டும், அப்போதுதான் மனக்கசப்பெல்லாம் நீங்கிக் கடவுளுக்குத் தூய காணிக்கை செலுத்த முடியும் என்கிறது. தவக்காலம் தொடங்கும் முன்பே பகையைத் தீர்த்துவிடு என்பதுதான் அதன் சாரம்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது? பூசியதும் கழுவிவிடலாமா?

போன வருடக் குருத்து ஞாயிறு அன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளிலிருந்து. நம் வீடுகளில் அதைத் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது வழக்கம். வருடம் முழுக்க அங்கேயே காய்ந்து, பழுப்பேறி, ஒட்டடை படிந்து கிடக்கும். சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம் ‘பழைய ஓலைகளைக் கொண்டு வாருங்கள்’ என்று கோயிலில் அறிவிப்பார்கள். பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். உபதேசியார் அதை ஒரு மண்சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ எரித்து, ஆறவைத்து, மெல்லிய துணியில் சலித்து எடுப்பார். சலிக்காவிட்டால் நரம்பும் துரும்பும் நெற்றியில் குத்தும். ‘ஓசன்னா’ என்று ஆர்ப்பரித்துப் பிடித்த அதே ஓலைதான் பதினொரு மாதம் கழித்து நம் நெற்றியில் சாம்பலாக வருகிறது.

பூசும்போது குருவானவர் சொல்வது இரண்டில் ஒன்று: ‘மனம் மாறி நற்செய்தியை நம்பு’ என்பது, அல்லது நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பது.

கழுவுவது பற்றி விதி எதுவும் இல்லை. அன்றைய நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகவாட்டம் காட்டாதே, தலைக்கு எண்ணெய் தேய், முகத்தைக் கழுவு என்று ஆண்டவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் நெற்றியை நீட்டுகிறோம். வேலைக்குப் போகிறவர் கழுவிவிட்டுப் போனால் குறையில்லை, அப்படியே போனாலும் குறையில்லை. படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதை மட்டும் தவிர்க்கலாம் என்பேன்.

கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் வரிசையில் வந்தால் அவர்களும் சாம்பல் பெறலாம். இது திருவருட்சாதனம் அல்ல.

ஒருசந்தி, சுத்தபோசனம்: சட்டம் என்ன சொல்கிறது?

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி குறைந்தபட்சம் இவ்வளவுதான். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். ஒருவேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் லேசாக ஏதாவது. 18 வயது முடிந்தவர் முதல் 59 வயது முடியும் வரை இது கடமை. சுத்தபோசனம், அதாவது இறைச்சி சாப்பிடாமல் இருப்பது, அந்த இரண்டு நாளும் தவக்காலத்தின் எல்லா வெள்ளிக்கிழமையும். 14 வயது முடிந்தவர்களுக்கு அது கடமை. உங்கள் மறைமாவட்டத்தில் தனி ஒழுங்கு இருந்தால் ஆயரின் தவக்கால மடலில் வரும்.

பழைய காலத்தில் முட்டை, பால், நெய் கூடக் கூடாது. 1966இல் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தை மேலும் தளர்த்தினார். தளர்த்தியபோது, நோன்பு குறையலாம், அந்த இடத்தில் ஜெபமும் பிறரன்புப் பணியும் கூட வேண்டும் என்றார். நாம் முதல் பாதியை மட்டும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம்.

தண்ணீர் குடிக்கலாமா?

தாராளமாக. மருந்தும் எடுக்கலாம்.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாமே, அப்புறம் அதில் என்ன தவம்?

சட்டப்படி மீன் சாப்பிடலாம், மறுப்பதற்கில்லை. சட்டம் எழுதப்பட்ட ஊர்களில் இறைச்சி பணக்காரச் சாப்பாடு, மீன் ஏழைச் சாப்பாடு. நம் ஊரில் கணக்கு வேறு. தூத்துக்குடியிலோ குளச்சலிலோ கடற்கரைக் குடும்பத்துக்கு மீன் தினசரி உணவு. சென்னையில் வஞ்சிரம் வாங்கப் போனால் கோழியைப் போலப் பல மடங்கு விலை. கோழியைத் தவிர்த்துவிட்டு வஞ்சிரத்தை வறுத்தால் சட்டம் நிறைவேறிவிடும், தவம் நிறைவேறாது. அதனால்தான் நம் வீடுகளில் பெரியவர்கள் தவக்காலம் முழுவதும் மீனும் சேர்த்தே ‘கவிச்சி’ வேண்டாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். சட்டம் கேட்காத ஒன்றை அவர்கள் தாங்களாகவே செய்கிறார்கள், அது நல்ல வழக்கம்.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 387ஆம் ஆண்டு, அந்தியோக்கியா நகரம். புதிய வரி விதிக்கப்பட்ட கோபத்தில் மக்கள் கலகம் செய்து பேரரசர் தெயோதோசியுவின் குடும்பச் சிலைகளை உடைத்துவிட்டார்கள். அது ராஜதுரோகம். ஊரையே அழித்துவிடுவார்களோ என்ற பயம். வயதான ஆயர் பிளாவியன், பேரரசரிடம் மன்னிப்புக் கேட்கக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கிளம்பிப் போனார். அந்தத் தவக்காலம் முழுக்க, நடுங்கிக்கொண்டு கோயிலில் கூடிய மக்களுக்குப் பிரசங்கம் செய்தவர், அப்போது குருவாக மட்டும் இருந்த புனித யோவான் கிறிசோஸ்தோம். தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அவர் மக்களிடம் கேட்டது என்ன தெரியுமா? வாய் மட்டும் நோன்பிருந்தால் போதாது, கண்ணும் காதும் கையும் காலும் நோன்பிருக்க வேண்டும். பறவையையும் மீனையும் விட்டுவிட்டு உடன்பிறந்தவனைக் கடித்துத் தின்றால் என்ன பயன் என்றார். புறணி பேசுவதைத்தான் அப்படிச் சொன்னார். உயிர்ப்பு விழாவையொட்டி மன்னிப்புச் செய்தியோடு ஆயர் திரும்பி வந்தார்.

மீன் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் பதில் இந்தச் சம்பவம்தான்.

சர்க்கரை நோய் இருக்கிறது, கர்ப்பமாக இருக்கிறேன். நோன்பிருக்காவிட்டால் பாவமா?

பாவமில்லை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், உடல் வருத்தி வேலை செய்கிறவர்கள் ஆகியோரை ஒருசந்தி கட்டுப்படுத்தாது. இன்சுலின் போட்டுக்கொண்டு பிடிவாதமாகப் பட்டினி கிடப்பது பக்தி அல்ல, ஆபத்து. வயதானவர்கள்தான் இதைக் கேட்க மாட்டார்கள். ‘இத்தனை வருடமாக இருந்தேனே’ என்று அழுவார்கள். அவர்களுக்காக வீட்டில் இன்னொருவர் நோன்பிருக்கலாம். அவர்கள் அந்த நேரம் ஒரு ஜெபமாலை சொல்லலாம். குடும்பமாகச் செய்த தவம் அது.

நான் பட்டினி கிடப்பதால் கடவுளுக்கு என்ன கிடைக்கிறது?

கடவுளுக்கு எதுவும் தேவையில்லை. நோன்பு இரண்டு பேருக்கு வேலை செய்கிறது. ஒருவர் நோன்பிருக்கிற நீங்கள். சாம்பல் புதன் மதியம் மூன்று மணிக்கு வயிறு காந்தும்போதுதான் தெரியும், நம் பொறுமையில் எவ்வளவு பங்கு நிறைந்த வயிற்றின் தயவு என்று. சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று கோபம் வரும். அப்போது நம்மைப் பற்றி நாமே தெரிந்துகொள்வது அதிகம். சாப்பாடு என் கையில் இல்லை, கொடுக்கப்படுகிறது என்ற எண்ணமும் அந்த நேரத்தில்தான் ஆழமாக இறங்கும்.

இரண்டாவது ஆள், பசியோடு இருக்கும் இன்னொருவர். எசாயா 58ஆம் அதிகாரத்தைத் தவக்காலத்தின் தொடக்கத்திலேயே வாசிக்கிறோம். நாங்கள் நோன்பிருக்கிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கேட்க, கடவுள் பதில் சொல்கிறார்: நோன்பு நாளிலும் உங்கள் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள், நான் விரும்பும் நோன்பு, நுகத்தடியை உடைப்பது, பசித்தவரோடு உணவைப் பகிர்வது, உடையற்றவருக்கு உடுத்துவது. 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோவும் தம் தவக்கால மறையுரைகளில் இதையே வலியுறுத்தினார். நோன்பிருந்து மிச்சப்படுத்தியது ஏழையின் கைக்குப் போக வேண்டும் என்றார்.

நான் விட்ட சாப்பாடு யாருடைய தட்டுக்கும் போகவில்லை என்றால் அது உணவுக் கட்டுப்பாடு. டயட் தவறில்லை, ஆனால் அதற்குத் தவக்காலம் தேவையில்லை. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குப் போன மாதச் சம்பளத்தில் பாக்கி வைத்துக்கொண்டு ஒருசந்தி இருக்கிறவர், எசாயாவை இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

தவக்கால உண்டியலில் எவ்வளவு போட வேண்டும்?

தொகை யாரும் குறிப்பதில்லை. சாம்பல் புதனன்று பங்கில் கொடுக்கும் அந்தச் சின்ன அட்டைப் பெட்டியையோ உறையையோ சாப்பாட்டு மேசையில் வையுங்கள், ஷோகேஸில் வேண்டாம். வெள்ளிக்கிழமை கறி வாங்காத காசு அன்றே அதில் விழ வேண்டும். கடைசி வாரத்தில் மொத்தமாக ஒரு ஐந்நூறு ரூபாயைத் திணித்தால் தொகை சரியாக இருக்கும், பழக்கம் வந்திருக்காது. பிள்ளைகள் தங்கள் மிட்டாய்க் காசைப் போட்டால் தடுக்காதீர்கள்.

இந்தியாவில் தவக்காலத்தில் திருச்சபையின் சமூகசேவை அமைப்பான காரித்தாஸ் இந்தியா பசி, நோய் ஒழிப்புக்காகக் காணிக்கை திரட்டுகிறது. பெரிய வெள்ளிக் காணிக்கை புனித பூமியிலுள்ள கிறிஸ்தவர்களுக்கும் தலங்களுக்கும் போகும். உங்கள் பங்கில் எதற்குப் போகிறது என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஊதா நிறம், பூ இல்லாத பீடம், அல்லேலூயா இல்லாத பூசை, இதெல்லாம் ஏன்?

தவத்தின் அடையாளம் ஊதா. ‘உன்னதங்களிலே’ பாடல் தவக்கால ஞாயிறுகளில் இல்லை, அல்லேலூயா பாஸ்கா இரவு வரை காத்திருக்கும். நாலாவது ஞாயிறு மட்டும் கொஞ்சம் தளர்வு. அன்று ரோஜா நிற உடை அணியலாம், பீடத்தில் பூ வைக்கலாம், ஏனென்றால் பாதி தூரம் கடந்துவிட்டோம்.

கல்யாணம், புதுமனை புகுவிழா வைக்கலாமா?

கல்யாணத்துக்குத் திருச்சபைச் சட்டத்தில் முழுத்தடை இல்லை. வைத்தால் ஆடம்பரம் வேண்டாம் என்கிறது. புனித வெள்ளியிலும் புனித சனியிலும் கண்டிப்பாக இல்லை. நம் ஊர் வழக்கத்தில் தள்ளிவைப்பதே நடைமுறை. வெளிநாட்டு விடுமுறை, மண்டபம் என்று உண்மையான நெருக்கடி இருந்தால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

சிலுவைப்பாதைக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் தவக்காலத்தில் நம் மக்களின் ஜெபம் அங்கேதான் உயிரோடு இருக்கிறது. இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியை நிலை நிலையாகத் தியானிக்கும் ஜெபம் அது. எருசலேமுக்குப் போக முடியாதவர்கள் அந்த வழியைத் தங்கள் ஊரிலேயே நடக்கப் பிரான்சிஸ்கன் சபையார் இதை எங்கும் பரப்பினார்கள். 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெந்து நிலைகளைப் பதினான்கு என்று உறுதிப்படுத்தினார். வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழுவது வயதானவர்களுக்குக் கடினம். தூணைப் பிடித்துக்கொண்டாவது முழந்தாளிடுவார்கள். நாலாம் நிலையில் இயேசு தம் தாயைச் சந்திக்கும்போது சில பெண்களின் குரல் உடைவதை ஒவ்வொரு வருடமும் கேட்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள்.

வேறு மரபுகளும் உண்டு. மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்துக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் பசாம் பாடுவார்கள். பாடுகளின் வரலாற்றை ஒப்பாரி ராகத்தில் இழுத்துப் பாடும் மரபு அது. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானிக்கும் மும்மணி ஆராதனை நடக்கும். கத்தோலிக்கர்களும் ஒருமுறை போய் உட்கார்ந்து கேட்கலாம்.

கூட்டத்தில் ஜெபிப்பது உங்களுக்கு வராது என்றால், 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வைத்த ஒழுங்கைப் பாருங்கள். தவக்காலத் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு நூல் கொடுக்கப்படும், அதை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக வாசிக்க வேண்டும். ஒரு நற்செய்தியை அப்படி வாசிக்கலாம். மாற்குவில் 16 அதிகாரம்தான்.

மொபைல், சீரியல் பார்ப்பதை விட்டால் போதுமா?

நல்ல தொடக்கம். ஆனால் அந்த நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். இரவு ஒரு மணி நேரம் போனைக் கீழே வைத்தால் அது மனைவியோடு, பிள்ளைகளோடு, படுத்திருக்கும் அப்பாவோடு உட்காரும் நேரமாக மாற வேண்டும். குடியை விடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது நாள் குடிக்காமல் இருந்துவிட்டு உயிர்ப்பு ஞாயிறு மதியமே சேர்த்துவைத்துக் குடிக்கும் கொடுமை நம் ஊர்களில் நடக்கிறது. நாற்பது நாள் இருக்க முடிந்தவருக்கு மருத்துவ உதவியோடு மீள வழி இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உயிர்ப்பு விழா வேறில்லை.

பாவசங்கீர்த்தனம் கட்டாயமா?

பாவசங்கீர்த்தனம் என்பது குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது. 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று விதித்தது. இன்றும் அந்தக் கடமை உண்டு. புனித வாரத்தில் பக்கத்துப் பங்குக் குருக்களையும் அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைப்பது அதற்காகத்தான்.

ஆனால் வரிசையில் நிற்கும் முன் இன்னொரு வரிசை இருக்கிறது. பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 5). நம் குடும்பங்களில் பெரும்பாலும் அது சொத்துத் தகராறு. அண்ணன் தம்பிக்குள் ஒரு சுவர், ஒரு கிணற்றுப் பங்கு, அம்மாவின் நகை. பத்து வருடமாக ஒரே கோயிலில் வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து, ‘சமாதானம்’ சொல்லும்போது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இருவரும் வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் என்னிடம் இந்த வருடம் எதை விடட்டும் என்று கேட்டால், கறியைச் சாப்பிடுங்கள், ஆனால் தம்பி வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லத் தோன்றும். இரண்டையும் செய்வதுதான் சரி. வழக்கு தீராமல் இருக்கலாம், அவர் கதவைத் திறக்காமலும் இருக்கலாம். போய் நின்றது வீண்போகாது. ஒன்று மட்டும் கவனம்: அடித்துத் துன்புறுத்திய ஒருவரிடம் திரும்பிப் போ என்று இதை வைத்து யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மன்னிப்பது வேறு, ஆபத்தில் போய் நிற்பது வேறு.

பெந்தகோஸ்தே சபை நண்பர், ‘இது மனிதக் கட்டளை’ என்கிறார். என்ன சொல்வது?

அவர் சொல்வதில் நியாயம் உண்டு என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 1522இல் சூரிச் நகரில் ஒரு அச்சகக்காரர் வீட்டில் தவக்காலத்தில் வேண்டுமென்றே இறைச்சி சாப்பிட்டார்கள். அதை ஆதரித்து சீர்திருத்தவாதி ஸ்விங்லி பேசியதும் இதே வாதம்தான்: வேதம் விதிக்காததை மனச்சாட்சிமேல் சுமத்தாதே. பவுலும் நாளையும் உணவையும் வைத்துத் தீர்ப்பிடாதீர்கள் என்று உரோமையருக்கும் கொலோசையருக்கும் எழுதினார். ஆகவே நோன்பிருக்கிறவர் இருக்காதவரை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம், அவரும் இவரைப் பார்க்க வேண்டாம். அவர்களுடைய சபையில் வாரந்தோறும் உபவாச ஜெபம் இருக்கும். நம்மில் பலர் வருடத்துக்கு இரண்டு நாள் இருப்பதற்கே சலித்துக்கொள்கிறோம்.

பத்தாம் நாளே தவறிவிட்டேன். மிச்ச நாளும் வீணா?

வீணில்லை. மறுநாள் காலையில் திரும்பத் தொடங்குங்கள். முப்பது தீர்மானம் எடுத்தவர்தான் பெரும்பாலும் முதல் வாரத்தில் விழுவார். ஒன்றோ இரண்டோ போதும். பேதுரு மூன்று முறை மறுதலித்த கதையைப் பெரிய வாரத்தில்தானே வாசிக்கிறோம்.

சின்னப் பிள்ளைகளை என்ன செய்யச் சொல்வது?

பட்டினி போடாதீர்கள். சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிடுவது, வகுப்பில் யாரும் சேர்க்காத பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவது, தாத்தாவுக்கு வேதாகமம் வாசித்துக் காட்டுவது என்று செய்து பார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். பெரிய வெள்ளி அன்று கோயிலுக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். கன்னியாகுமரிப் பக்கத்துப் பங்குகள் பலவற்றில் அன்று வழிபாடு முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். பெரிய அண்டாவில் கஞ்சி, பக்கத்தில் சிறுபயறு, காரமான தேங்காய்த் துவையல். வங்கி மேலாளரும் கட்டடத் தொழிலாளியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, பசியோடு, ஒரே கஞ்சியைக் குடிப்பார்கள். தவக்காலம் என்ன என்று பிள்ளைகளுக்கு நான் விளக்குவதைவிட அந்த வரிசையில் உட்காரவைப்பது மேல்.

முதல் தடவையாக இருக்கப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறே ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எதை விடுகிறீர்கள், அதில் மிச்சமாகும் காசு யாருக்குப் போகிறது, யாரோடு பேச வேண்டியிருக்கிறது. புனித பெனடிக்ட் தம் துறவிகளை, செய்யப் போவதை முன்பே மடாதிபதியிடம் சொல்லி அனுமதி வாங்கச் சொன்னார். தன்னிச்சையாகச் செய்வது வீண்பெருமையில் முடியும் என்று அவருக்குத் தெரியும். நீங்களும் குருவானவரிடமோ வீட்டில் ஒருவரிடமோ அதைக் காட்டுங்கள். மூன்றாவதாக எழுதிய பெயருக்கு முதல் வாரத்திலேயே போன் செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பெரிய வாரம் வந்துவிடும், அப்போது கோயில் வேலையே சரியாக இருக்கும்.